ஹாண்டில் மாற்றினால் எக்ஸிலேட்டர் கேபிளையும் பாருங்கள்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் பிள்ளைகளின் நிறை, குடிதண்ணீர், சேமலாப நிதிப் படிவம் என்றுதான் எழுதுவோம். இம்முறை மோட்டார் சைக்கிளில் ஓடும் ஒரு கம்பியைப் பற்றி எழுதுகிறோம். "இதெல்லாம் கராஜ்காரன் வேலை, நமக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. இன்றைக்கு எந்த லயத்துக்குப் போனாலும் வாசலில் ஒரு பைக்காவது நிற்கிறது. டவுனுக்கு வேலைக்குப் போக, பிள்ளையை டியூசனில் விட, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக அதுதான் வண்டி. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய பைக்கை ஒட்டி, வெட்டி, மாற்றித்தான் நம்மாட்கள் ஓட்டினார்கள். அப்படி மாற்றிய ஒன்றினால் வந்த வினையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

எங்கள் பகுதித் தோட்டமொன்றில் இருக்கும் இளைஞர் ஒருவர் தன் தாய்மாமனிடமிருந்து ஒரு நூறு சீசீ பைக் வாங்கினார். மாமா இருப்பது மன்னார் மாவட்டத்து இலுப்பைக்கடவையில். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல உண்டென்பது உங்களுக்குத் தெரியும். அக்கா இங்கே கல்யாணம் கட்டித் தங்கிவிட, தம்பி அங்கே போனவர். பைக்கை நம்ம பிள்ளை அங்கிருந்து ஓட்டிக்கொண்டே வந்தார். மன்னாரிலிருந்து மதவாச்சி, பிறகு அனுராதபுரம், தம்புள்ள, கண்டி என்று முழுத்தூரமும் ஓடி வந்ததில் ஒரு குறையும் தெரியவில்லை. "மாமா நல்ல சாமான் குடுத்திருக்காரு" என்று சந்தோசமாகத் தோட்டத்துக்குள் நுழைந்தார்.

நாலாம் நாள் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேல் டிவிசனுக்குப் போனார். ஏற்றத்தில் இடது பக்கம் திரும்பும் ஒரு முடக்கு. முதல் கியரில், மெதுவாக, ஹாண்டிலை முழுதாக இடப்பக்கம் ஒடித்திருக்கிறார். கை எக்ஸிலேட்டரைத் திருகவே இல்லை. ஆனாலும் எஞ்சின் தானாகக் கத்திக்கொண்டு பைக் முன்னால் பாய்ந்தது. ரோட்டைக் குறுக்கே கடந்து, கானைத் தாண்டி, கீழ் மலையின் தேயிலைக்குள் இருவரும் விழுந்தார்கள். தேயிலைச் செடி தாங்கியபடியால் உயிர் தப்பியது. அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிவு. கொழுந்து பறிக்கிற கை. ஆறு கிழமை மாவுக்கட்டு, அந்த ஆறு கிழமையும் பேர் இல்லை. வலியிலும் கோபத்திலும் அம்மா, "ஏன் தம்பி என்னையக் கொல்லவா இந்த வண்டியைக் குடுத்தான்?" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் இலுப்பைக்கடவை வரைக்கும் போய்ச் சேர்ந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

விழுந்ததற்குப் பிறகு டவுனில் ஒருவர் பார்த்துவிட்டு "ஸ்லோ கூடிக் கிடக்கு" என்று சொல்லி, காபரேட்டரில் இருக்கும் ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைத்து விட்டார். நேராகப் போகும்போது எஞ்சின் நின்று நின்று போனது. முடக்கில் திரும்பினால் பழையபடி கத்தியது. அப்போதுதான் விசயம் ஸ்லோவில் இல்லை என்று நம்ம பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு மன்னார்ப் பக்கம் ஒரு வேலை இருந்தது. அவரையும் கூட்டிக்கொண்டு, பைக்கில் கிடந்த பழைய எக்ஸிலேட்டர் கேபிளைக் கழற்றிச் சுருட்டி ஒரு பையில் போட்டுக்கொண்டு இலுப்பைக்கடவைக்குப் போனோம். மன்னார்ப் பக்கத்திலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ32 வீதியில், வெள்ளாங்குளத்துக்கு முன்னால் இருக்கிற ஊர் அது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணம் போகிறவர்களும் இந்த வீதியால் போகிறார்கள். மேற்கே கடல், மற்றப் பக்கம் வயலும் பற்றைக்காடும். ரோடோ நூல் பிடித்தாற்போல் நேர். நம்மூர் ஆட்களுக்கு அந்த ரோட்டைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஒரு முடக்கு இல்லை. விசயத்தின் பாதி அந்த நேர் ரோட்டிலேயே இருந்தது, அதை நாங்கள் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கிக்கொண்டோம்.

மாமா முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. தேத்தண்ணி வந்தது, மாடு கன்று பற்றிப் பேச்சு வந்தது. அதற்குப் பிறகுதான் சொன்னார். ஒரு வருடத்துக்கு முன் இரவில் ரோட்டில் படுத்திருந்த மாட்டில் மோதி ஹாண்டில் வளைந்துவிட்டதாம். கடையில் அதே ஹாண்டில் கிடைக்கவில்லை. இருந்த ஒன்றை வாங்கி, வீட்டு முற்றத்தில் வைத்துத் தானே பூட்டினாராம். புதியது பழையதைவிட நாலு விரல் உயரம். "உசரமா இருந்தா முதுகு நோகாது எண்டு நானும் சந்தோசப்பட்டன்" என்றார். கேபிள் மாற்றினீர்களா என்று கேட்டோம். "அது எட்டிச்சுதே, பிறகு ஏன் மாத்த?" என்றார்.

அடுத்த நாள் காலை மாமா எங்களை ஒரு கராஜுக்குக் கூட்டிப் போனார். அங்கே இருந்த மெக்கானிக் அண்ணன் போர்க்காலத்தில் தொழில் பழகியவர். 1990களில் அந்தப் பகுதிக்குப் பெற்றோல் போகத் தடை இருந்ததால் பைக்குகள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளி விட்டு உதைப்பார்கள். உதிரிப்பாகமும் கிடைக்காத காலம். 2008 இல் சண்டை அந்தப் பக்கம் வந்தபோது ஊரை விட்டுப் போய், பிறகு திரும்பி வந்து கராஜ் போட்டவர். ஆக, இல்லாததை வைத்துச் சமாளிக்கப் பழகிய கை அது. எதில் சமாளிக்கலாம், எதில் சமாளிக்கக் கூடாது என்று பிரித்துச் சொல்ல அப்படிப்பட்டவருக்குத்தான் முடியும் என்பது எங்கள் எண்ணம்.

நாங்கள் கொண்டுபோன கேபிளை வாங்கி மேசையில் நீட்டி வைத்தார். "கேபிள் எட்டினது சரி தம்பி. ஹாண்டில் நேரா நிக்கேக்கதான் எட்டும். நீங்க ஒடிச்சால்?" என்றார். எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் செய்து காட்டியதை எங்கள் சொல்லில் சொல்கிறோம்.

எக்ஸிலேட்டர் கேபிள் என்பது இரண்டு சாமான். உள்ளே ஒரு கம்பி, வெளியே அதைச் சுற்றிய குழாய். இந்த வகைக் கேபிளுக்கு 1896 இல் பிரித்தானியாவில் பவுடன் என்பவர் காப்புரிமை எடுத்தார், இன்றைக்கும் அதற்குப் பவுடன் கேபிள் என்றே பெயர். நீங்கள் கைப்பிடியைத் திருகும்போது உள்கம்பி மேலே இழுபடுகிறது. காபரேட்டருக்குள் உருளை போல ஒரு அடைப்பு இருக்கிறது, ஸ்லைட் என்பார்கள். கம்பி அதைத் தூக்கும், காற்றும் பெற்றோலும் கூடும், எஞ்சின் வேகமாகும். கையை விட்டால் ஸ்பிரிங் ஸ்லைட்டைக் கீழே தள்ளும். இது எல்லாருக்கும் தெரிந்தது.

தெரியாதது இதுதான். கம்பியை இழுத்தால் மட்டும்தான் ஸ்லைட் தூக்கும் என்றில்லை. கம்பியை அப்படியே விட்டுவிட்டு வெளிக்குழாயை இழுத்தாலும் அதே வேலை நடக்கும். பாவாடை நாடாவை நினைத்துப் பாருங்கள். நாடாவை இழுத்தாலும் நாடா வெளியே வரும், நாடாவைப் பிடித்துக்கொண்டு துணியைப் பின்னால் தள்ளினாலும் நாடா வெளியே வரும். ஹாண்டிலை முழுதாக இடப்பக்கம் ஒடித்தால் வலது கைப்பிடி முன்னால் போகிறது, காபரேட்டரை விட்டுத் தூரமாகிறது. கேபிள் போதிய நீளம் இல்லை என்றால் வெளிக்குழாய் இழுபட்டு, அது உட்காரும் குழியிலிருந்து மேலே எழும்பும். உடனே ஸ்லைட்டும் எழும்பும். நம்ம பிள்ளை கையைத் திருகவில்லை என்று சொன்னது சத்தியம். ஹாண்டிலைத் திருப்பியதே திருகியதற்குச் சமமாகிவிட்டது.

ஏ32 இல் ஒரு வருடம் ஓடியும் இது ஏன் தெரியவில்லை? அந்த ரோட்டில் ஹாண்டிலை யார் முழுதாக ஒடிக்கிறார்கள்? ஒழுங்கைக்குள் திரும்பினாலும் அகலமாகத் திரும்பலாம். கண்டி வரைக்கும் பெரிய ரோடு. இங்கே நம் தோட்டத்து ரோட்டிலோ, இடது கைப்பக்கம் ஓட்டுகிற நாட்டில், இடப்பக்க முடக்குத்தான் ஆகவும் சின்ன வட்டம். வேகமும் இல்லாமல், ஹாண்டில் முட்ட ஒடிக்க வேண்டிய இடம். அந்தக் குறை வெளியே வருவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. மாமா ஏமாற்றவில்லை, அவர் ஓட்டிய ரோட்டுக்கு அந்தப் பைக் சரியாகத்தான் இருந்தது. இதைக் கேட்டதும் மாமா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றார்.

எப்படிப் பூட்டுவது?

ஹாண்டில் உயரமாகவோ அகலமாகவோ மாறினால் கேபிளும் நீளமாக வேண்டும். எவ்வளவு என்று கண் அளவில் சொல்ல வேண்டாம். ஒரு கட்டைக் கயிற்றைக் கைப்பிடியிலிருந்து பழைய கேபிள் போன வழியாகவே காபரேட்டர் வரைக்கும் தளர்வாக ஓட விட்டு, ஹாண்டிலை இரண்டு பக்கமும் முட்ட ஒடித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்திலும் கயிறு இறுகாத நீளம்தான் வெளிக்குழாயின் நீளம். கடையில் கேபிள் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டு போக வேண்டும். இரண்டு முனையின் குமிழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வெளிக்குழாயை ஒரு பக்கம் முட்டத் தள்ளிப் பிடித்தால் மற்றப் பக்கம் வெளியே தெரிகிற உள்கம்பியின் நீளம் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். குழாய் நீளலாம், வெளியே நிற்கும் கம்பி மாறக் கூடாது. அது குறைந்தால் ஸ்லைட் முழுதாக மூடாது, கூடினால் முழுதாகத் திறக்காது.

கம்பியை வெட்டி இணைத்து நீட்டுவது, ஈயம் வைத்துக் குமிழ் ஒட்டுவது இரண்டையும் பற்றிக் கேட்டோம். "அந்த நாளையில சைக்கிள் பிரேக் கம்பியை வச்சும் ஓடினனாங்கள். வேற வழி இல்லை. இப்ப கடையில கிடக்கேக்க ஏன்?" என்றார் அண்ணன். கேபிளின் விலை ஹாண்டிலின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

ஹாண்டில் குட்டையாக மாறினால் மறுபக்கத் தொல்லை. கேபிள் மிஞ்சி வளையமாகத் தொங்கும், கூர்மையாக மடியும், டாங்கிக்கும் சட்டத்துக்கும் இடையில் நசுங்கும். மடிந்த இடத்தில் கம்பி உரசிக்கொண்டு திரும்ப வராது. திறந்தது திறந்தபடி நிற்கும். விழுகிற விதம் வேறு, விழுவது ஒன்றுதான்.

கேபிள் போகும் வழியையும் பழையபடியே வைத்துக்கொள்ளுங்கள். கழற்றுமுன் ஃபோனில் இரண்டு படம் எடுத்து வைத்தால் போதும். சிலிண்டரிலோ சைலன்சரிலோ முட்டக் கூடாது. அழகுக்காகப் பிளாஸ்டிக் பட்டியால் ஹாண்டிலோடு இறுக்கிக் கட்டுகிறார்கள், அது கூடவே கூடாது. கேபிள் திரும்பும்போது நகர இடம் வேண்டும்.

கைப்பிடிக்குப் பக்கத்தில் சுவிட்ச் பெட்டி இருக்கிறதல்லவா, சில பைக்குகளில் அதன் உள்ளே ஒரு சின்ன முளை இருக்கும். பழைய ஹாண்டிலில் அதற்கென்று ஒரு துளை இருக்கும். புதிய ஹாண்டிலில் துளை இல்லை என்று அந்த முளையை அராவி எடுத்துவிடுகிறார்கள். மாமாவும் அதைத்தான் செய்திருந்தார். முளை போனால் பெட்டி மெல்ல மெல்லச் சுற்றும், கேபிளையும் சேர்த்து முறுக்கும். முளையை விட்டு, சரியான இடம் பார்த்துக் குறித்து, ஹாண்டிலில் அளவாக ஒரு துளை போடுவதுதான் முறை. ரப்பர் பிடியை ஹாண்டிலின் முனையில் முட்ட அடித்து ஏற்ற வேண்டாம், கொஞ்சம் இடைவெளி விடுங்கள். பசை பூசினால் குழலுக்குள் கசியாமல் பாருங்கள். கேபிள் நன்றாக இருந்தும் பிடி உரசித் திரும்பாமல் நின்ற பைக்குகள் எத்தனையோ உண்டு என்று அண்ணன் சொன்னார்.

காபரேட்டரின் மூடியைத் திறந்து ஸ்லைட்டைத் திரும்பப் போடும்போது ஒரு நிமிடம் நிதானம் வேண்டும். ஸ்லைட்டின் பக்கத்தில் நீளமாக ஒரு வெட்டு இருக்கும், அது காபரேட்டருக்குள் இருக்கிற முள்ளில் பொருந்த வேண்டும். அடிப்பக்கம் சரிவாக வெட்டிய பாகம் எயார் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் மூடியை முறுக்கி அடக்கப் பார்க்காதீர்கள். அப்படி அடங்கிய ஸ்லைட் பாதி திறந்தபடி நின்று, முதல் உதையிலேயே எஞ்சின் அலறும்.

இனி அட்ஜஸ்ட் பண்ணுவது. கையை விட்ட நிலையிலிருந்து கைப்பிடியை மெல்லத் திருகினால், கம்பி இறுகுவதற்கு முன் கொஞ்சத் தூரம் சும்மா ஆட வேண்டும். பிளே என்பது இதைத்தான். பிடியின் விளிம்பில் அளந்தால் பொதுவாக 2 முதல் 6 மில்லிமீற்றர். உங்கள் பைக்கின் புத்தகம் வேறு அளவு சொன்னால் அதைக் கேளுங்கள். கேபிளின் மேல் முனையிலோ காபரேட்டர் மூடியிலோ, சிலதில் இரண்டிலுமே, மரை போட்ட அட்ஜஸ்டர் இருக்கும். லொக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை உள்ளே திருகினால் பிளே கூடும், வெளியே எடுத்தால் குறையும். பெரிய வித்தியாசத்தைக் காபரேட்டர் பக்கத்திலும் சின்ன வித்தியாசத்தைக் கைப்பிடிப் பக்கத்திலும் சரி செய்து, லொக் நட்டை மறக்காமல் இறுக்குங்கள். அட்ஜஸ்டர் கடைசி மரை வரைக்கும் போயும் பிளே வரவில்லையா? அந்தக் கேபிள் உங்கள் ஹாண்டிலுக்கு உரியதல்ல. அட்ஜஸ்டரால் நாலு விரல் உயரத்தை ஈடு செய்ய முடியாது. ஸ்லோ ஸ்க்ரூவைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். கேபிளின் குறையை அந்த ஸ்க்ரூவில் மறைத்தால் டவுன்காரர் செய்த வைத்தியம் போலத்தான்.

சில பைக்குகளில் இரண்டு கேபிள், ஒன்று திறக்க, மற்றது மூட. அதில் இரண்டையும் தளர்த்திவிட்டு, திறக்கிற கேபிளின் பிளேயை முதலில் பிடித்து, பிறகு மற்றதைச் சரி செய்ய வேண்டும். புது மாதிரி இன்ஜெக்சன் பைக்குகளிலும் பெரும்பாலும் கேபிள்தான் இருக்கிறது. ஹாண்டிலும் கேபிளும் சம்பந்தப்பட்ட கதை அங்கேயும் இதேதான்.

அந்தப் பக்கம் கடற்காற்றில் உப்பு, நம் பக்கம் பனியும் மழையும். இரண்டுமே கம்பிக்குத் துரு. கேபிளின் மேல் முனையில் காகிதத்தைப் புனல் போலச் சுற்றிக் கட்டி, தையல் மெசின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழ் முனையில் கசியும் வரை விடுங்கள். கிரீஸ் வேண்டாம், குளிரில் இறுகும். உள்ளே நைலோன் போட்ட கேபிள் என்றால் எண்ணெய் கேட்காது, சுத்தமாக இருந்தால் சரி. முனையில் ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கேபிளை வீசிவிடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு ரோட்டுக்கு எடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். எஞ்சின் ஓடாமல், ஹாண்டிலை நேராக வைத்து எக்ஸிலேட்டரை முழுதாகத் திருகி விடுங்கள். பிடி தானாகத் திரும்பி, காபரேட்டருக்குள் ஸ்லைட் விழும் "டக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். இடப்பக்கம் முட்ட ஒடித்தும் வலப்பக்கம் முட்ட ஒடித்தும் அதையே செய்யுங்கள். பிறகு பைக்கை நடு ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணி, ஸ்லோவில் ஓட விட்டு, ஹாண்டிலை ஒரு முட்டிலிருந்து மறு முட்டுக்கு மெதுவாகத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஒரு இம்மியும் மாறக் கூடாது. மாறினால் அந்தப் பைக்கில் ஏற வேண்டாம், யாரையும் ஏற்றவும் வேண்டாம். பழைய பைக் வாங்கப் போகிறவர்களும் டயரைப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். அதோடு கிளட்ச் கேபிளும் முன் பிரேக் கேபிளும் இதே ஹாண்டிலில் தொங்குகிறவைதான், அவற்றையும் ஒடித்துப் பாருங்கள்.

ஓடும்போதே இப்படி எஞ்சின் கத்தினால் என்ன செய்வது? முதலில் கிளட்சை முழுதாகப் பிடியுங்கள். எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சில்லுக்கு அந்த இழுப்புப் போகாது. அடுத்தது இரண்டு பிரேக்கும். அதற்குப் பிறகு சுவிட்சையோ சாவியையோ நிறுத்துங்கள். சாவியை ஓஃப் வரைக்கும்தான் திருப்ப வேண்டும், ஹாண்டில் லொக் ஆகும் இடத்துக்குப் போகக் கூடாது. கிளட்ச் பிடி இல்லாத வண்டியில் பிரேக்கும் சாவியும்தான் வழி. நம்ம பிள்ளை அந்த முடக்கில் பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். யாரானாலும் அதைத்தான் செய்வார்கள், ஆனால் இறுக்கிப் பிடித்தால் இன்னும் திருகும். லயத்து வாசலில் பைக்கை நிறுத்தி வைத்தே இடது கையைக் கிளட்சுக்குப் பழக்கிக்கொள்ளலாம்.

கடைசியில் நீளமான கேபிளை மாமாதான் வாங்கினார். எங்களிடம் கொடுத்து அனுப்பவில்லை, அடுத்த கிழமை தானே பஸ் ஏறித் தோட்டத்துக்கு வந்தார். புது சுவிட்ச் பெட்டி ஒன்றும் கருவாட்டுப் பார்சலும் கையில். மாமனும் மருமகனும் இஸ்தோப்பில் வைத்துப் பூட்ட, ஒற்றைக் கையோடு அம்மா லாம்பு பிடித்தார். காலையில் அதே முடக்கில் பைக்கை நிறுத்தி ஹாண்டிலை முட்ட ஒடித்துப் பார்த்தார்கள். சத்தம் மாறவில்லை. அம்மா மட்டும் இன்னும் அந்தப் பைக்கில் ஏறவில்லை. மாவுக்கட்டு வெட்டின பிறகு பார்ப்போம் என்கிறார்.